குதிரை வந்தது, வெள்ளி வரவில்லை

(காசு சேகரிப்போருக்காகப் புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கையில் ஒரு காசு கொண்டுவந்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் எல்லோரும் பார்க்கலாம். பாரசீகத்தின் சாசானிய மன்னர் இரண்டாம் குஸ்ரோ அடித்த வெள்ளிக் காசு இது. எடை நாலு கிராமும் சொச்சமும். 1980-களில் நம் கையில் புழங்கிய பெரிய ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் அகலம். தடிமன் மட்டும் அப்பளம் மாதிரி. ஒரு பக்கம் மன்னரின் முகம். தாடி, காதில் தொங்கும் முத்து, தலையில் இரு சிறகு வைத்த மகுடம், அதன் உச்சியில் பிறையும் நட்சத்திரமும். சாசானிய மன்னர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மகுடம் உண்டு. எழுத்துத் தேய்ந்து போனாலும் மகுடத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். மறுபக்கம் தீ எரியும் பலிபீடம், இரு புறமும் இரண்டு காவலர். இடது ஓரத்தில் ஆட்சியாண்டு, வலது ஓரத்தில் எந்த ஊர் அக்கசாலை என்பதன் சுருக்கம், இரண்டும் பகலவி எழுத்தில். குஸ்ரோ ஆண்டது 590 முதல் 628 வரை. நம் பக்கம் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் செய்துகொண்டிருந்த அதே காலம்.

இதைக் காட்டும்போதெல்லாம் நம்மூர் ஆட்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐயா, இது நம்ம பக்கத்து மண்ணில் கிடைத்ததா?" இல்லை. ஏலத்தில் எடுத்தது. எந்த மண்ணிலிருந்து வெளியே வந்தது என்று விற்றவருக்கே தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. பாரசீக வெள்ளி நம் மண்ணுக்கு வந்ததா, வரவில்லையென்றால் ஏன் வரவில்லை? பல வருஷமாக நான் இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நம் மாவட்ட மண் காசு கொடுக்காத மண் இல்லை. ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியப் பொற்காசுகள். வெஸ்பாசியன் காலம் வரையிலான காசுகள் அதில் இருந்தன. பெரும்பாலான காசுகளில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு. வேண்டுமென்றே போட்ட வெட்டு. இங்கிலாந்தின் காசு ஆய்வாளர் ஹில் அதைப் பார்த்து எழுதினார். அந்த வெட்டு ஏன் என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. இனிமேல் இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டும் செல்லும் என்று செய்த அடையாளம் என்பது ஒரு கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் நம் ஊரில் அந்நிய முகத்துக்கு மதிப்பு இருந்ததில்லை, பொன்னின் எடைக்குத்தான் மதிப்பு. இந்தச் செய்தியை மனதில் வையுங்கள்.

இப்போது ஆவுடையார்கோயிலுக்குப் போவோம். அங்கே மண்டபத்தூண்களில் பாயும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலத்தின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாண்டியன் குதிரை வாங்கச் சொல்லிப் பொன்னைக் கொடுத்து மந்திரியை அனுப்புகிறான். மந்திரி திருப்பெருந்துறையில், அதாவது இதே ஆவுடையார்கோயிலில், குருவைக் காண்கிறார். குதிரைப் பணம் கோயில் திருப்பணிக்குப் போகிறது. பிறகு நரி பரியாகிறது, பரி நரியாகிறது. பக்தியோடு கேட்கவேண்டிய கதை. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். காசு சேகரிக்கிறவன் காதில் அதே கதையில் இன்னொன்றும் விழுகிறது: நம் கடற்கரையில் குதிரை வந்து இறங்கியது, அதற்கு விலையாக அரச கருவூலத்திலிருந்து பொன் போனது.

இதைப் பாரசீகக்காரர் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். நம் கடற்கரையை அவர்கள் மஅபர் என்றார்கள். பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1,400 குதிரைகள் மஅபருக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்கிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டிய அரசு விலை கொடுத்தாக வேண்டும். மற்ற துறைமுகங்களையும் சேர்த்து வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை, 22 லட்சம் தினார் என்பது அவர் போட்ட கணக்கு. பழைய வரலாற்றாசிரியர்கள் எண்களில் தாராளமானவர்கள். பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதியே தலைசுற்ற வைக்கும். மார்க்கோ போலோவும் இதே காலத்தில் காயல் பக்கம் வந்தவர். குதிரைகளை இங்கே சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள், அதனால் வருஷா வருஷம் புதிதாக வாங்குகிறார்கள் என்று அவரும் எழுதினார்.

ஆகவே கணக்கு எளிது. பாரசீகக் கப்பல் இங்கே வரும்போது அதில் குதிரை இருந்தது, வெள்ளி இல்லை. திரும்பும்போது பொன் போனது. விற்க வருகிறவன் காசு கொண்டுவர மாட்டான். ரோமன் வாங்க வந்தான், மிளகும் முத்தும் மணியும் வாங்க. அதனால்தான் அவன் பொன் கறுக்காக்குறிச்சியில் கிடைக்கிறது. பாரசீகனிடமோ நாம் வாங்கினோம். அதற்கு மேல், நம் தென்னாடு பொன்னும் செம்புமாகக் கணக்குப் பார்த்த நாடு. கழஞ்சு, பொன், பணம், வராகன் எல்லாம் தங்கக் கணக்கு. வெள்ளியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அச்சுக்குத்திய பழைய வெள்ளிக் காசுகள் தமிழகத்தில் கிடைத்திருக்கின்றன, சோழர் வெள்ளிக் காசும் உண்டு. ஆனால் வடக்கே வெள்ளி நின்ற இடத்தில் இங்கே பொன் நின்றது.

வடக்கே கதை வேறு. குஸ்ரோவுக்கு முன் ஆண்ட பெரோஸ், 459 முதல் 484 வரை. ஹூணர்களிடம் தோற்று, பிணைப்பணமாக வெள்ளியைக் கொட்டிக் கொடுத்தவர். அந்தக் காசுகள் இந்தியாவுக்குள் வந்தன. குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் மாளவத்திலும் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார்கள். நகலுக்கு நகல், அதற்கும் நகல், சில நூற்றாண்டுகள். முகம் ஒரு கோடாகி, மூக்கு ஒரு கொக்கியாகி, பலிபீடம் வெறும் புள்ளிவரிசையாகிவிட்டது. கதைய காசு என்று அதற்குப் பேர். அடித்தவர்களுக்கு அது பாரசீகனின் முகம் என்றே தெரிந்திருக்காது. எனக்கு மிகப் பிடித்த காசு அது. ஐந்தாறு காசுகளைக் கால வரிசையில் மேசைமேல் வைத்தால், மறதி எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நம் பக்கம் வெள்ளி வராவிட்டாலும் அதன் பேர் வந்துவிட்டது. கிரேக்கத்தில் திரக்மா, பாரசீகத்தில் திரம், அரபியில் திர்ஹம், வடமொழியில் திரம்மம். நம் கல்வெட்டுகளில் அதுவே திரமம். பேர் மட்டும் தமிழ்ப்படுத்தப்பட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. நம் மாவட்டத்து ராங்கியம், பனையூர்க் கல்வெட்டுகளில் சுல்தான் என்ற சொல் சுரத்தாண் ஆனதும் இதே மாதிரிதான்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கைக்கு, வெள்ளியே வந்தது. கோட்டைப்பட்டினத்துக்காரர்களும் ஜெகதாப்பட்டினத்துக்காரர்களும் தினமும் பார்க்கும் கடல்தான். தென் பாரசீகத்தில் லார் என்று ஒரு நகரம். அங்கே வெள்ளிக் கம்பியை ஒரு சாண் அளவுக்கும் குறைவாக நறுக்கி, நடுவே மடித்து, மேலே முத்திரை குத்திக் காசாக்கினார்கள். ஊர் பேரால் அது லாரி. எடை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளி சுத்தமானது. ஆகவே வளைகுடா, கொங்கணம், மாலத்தீவு எங்கும் செல்லுபடியானது. பீஜப்பூர் சுல்தான்களும் தங்கள் பேரில் லாரி அடித்தார்கள். மாலத்தீவில் இன்றும் சில்லறைக்கு லாரி என்றுதான் பேர். இலங்கைக்குப் போனதும் அதன் உருவம் மாறியது. மடித்த கம்பியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்தார்கள். 1660-இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரில் பிடிபட்டு, 19 வருஷம் கண்டி அரசில் சிறைவாசம் இருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசன் அனுமதியோடு யார் வேண்டுமானாலும் இந்தக் காசை அடிக்கலாமாம், விரும்பிய முத்திரை குத்தலாமாம். வெள்ளியில் சந்தேகம் வந்தால் நெருப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். வெளுத்து வந்தால் செல்லும், கறுத்தால் செல்லாது. எவ்வளவு நேர்மையான சோதனை பாருங்கள்! முத்திரையை நம்பவில்லை, முகத்தை நம்பவில்லை, உலோகத்தைக் கேட்டார்கள்.

அந்தக் கரையில் பாரசீக மொழியும் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை 1344-இல் பார்த்த பயணி இபின் பதூதா, அந்த மன்னருக்குப் பாரசீக மொழி புரிந்தது என்று எழுதுகிறார். முத்துக் குளிக்கும் கடலுக்குச் சொந்தக்காரரான ஒரு தமிழ் மன்னர், வளைகுடாவிலிருந்து வரும் வணிகரோடு அவர்கள் மொழியிலேயே பேசியிருக்கக்கூடும். எனக்கு இதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, நம் கைக்கு வருவோம். இங்கே இருப்பவர்களில் பலர் வீட்டில் பாரசீகம் இருக்கிறது. நீங்கள் அறியாமலே இருக்கிறது. ஆற்காட்டு ரூபாயைச் சொல்கிறேன்.

ஆற்காட்டு நவாபிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் 1736-இல் வாங்கினார்கள். ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய அதே வருஷம். 1742-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களும் சென்னையில் அடிக்கும் உரிமையைப் பெற்றார்கள். ஆக, ஆற்காட்டு ரூபாய் என்ற பேரில் ஆற்காட்டுக்கு வெளியே அடித்த காசுகளே ஏராளம். பாண்டிச்சேரிக் காசில் ஒரு பிறை இருக்கும், சென்னைக் காசில் தாமரை. எடை பதினொன்றரை கிராம் அளவில். எழுத்து முழுக்கப் பாரசீகம்.

கும்பினி ரூபாயில் இருக்கும் பேர் இரண்டாம் ஆலம்கீர். தில்லி முகலாய மன்னர். 1754-இல் பட்டத்துக்கு வந்தவர், 1759 நவம்பரில் கொலை செய்யப்பட்டார். காசில் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்று போட்டிருக்கும். ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு. நம் ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. அதை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். போட்டுப் பாருங்கள், 1758 அல்லது 1759. புதிதாகச் சேகரிக்க வருகிற பிள்ளைகள் இதைக் கணக்குப் போட்டுவிட்டு, "சார், 1758-ஆம் வருஷத்துக் காசு கிடைத்துவிட்டது" என்று ஓடிவருகிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். அதே பேரையும் அதே ஆண்டையும் போட்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடித்துக்கொண்டேயிருந்தார்கள். செத்த மன்னரின் பேரில், செத்த வருஷத்தில், 1800-களிலும் புதுக்காசு பிறந்தது. சந்தையில் மக்கள் பழகிய எழுத்தை மாற்றினால், காசு மாற்றும் சராப்புக்காரர் வட்டம் என்று கழிவு பிடிப்பார். அந்தப் பயம்தான் காரணம். ஆகவே காசு எப்போது அடித்தது என்பதை ஆண்டில் தேடாதீர்கள், விளிம்பில் தேடுங்கள். கையால் அடித்ததில் வட்டம் ஒழுங்காக இராது, அச்சு காசைவிடப் பெரிதாக இருக்கும், எழுத்து பாதி வெளியே போயிருக்கும். இயந்திரத்தில் அடித்ததில் வட்டம் ஒழுங்காக இருக்கும், எழுத்து முழுசாக உட்கார்ந்திருக்கும்.

ஆற்காட்டு ரூபாயின் மேல் சின்னச் சின்னக் குத்துகள் இருக்கும். பிறை, பூ, சக்கரம், சில சமயம் வெறும் புள்ளி. இளம் சேகரிப்பாளர்கள் காசு பழுது என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்காதீர்கள், அம்மா, ஐயா! அது சராப்புக்காரரின் கை. காசைச் சுண்டி ஓசை கேட்டு, எடை பார்த்து, நல்லது என்று தன் குறியைப் போட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு காசில் ஏழு குத்து எண்ணியிருக்கிறேன். ஏழு பேர் கையில் அது நின்று நிதானித்துப் போயிருக்கிறது. கறுக்காக்குறிச்சி உளி வெட்டும், கண்டி நெருப்பும், இந்தக் குத்தும் எனக்கு ஒரே பழக்கமாகத் தெரிகின்றன.

நம் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்கும் கும்பினிக்கும் துணை நின்றவர்கள். திருச்சி முற்றுகை நாட்களில் இங்கிருந்து அரிசி போனது, படை போனது. அந்த உறவோடுதான் பாரசீக எழுத்துள்ள வெள்ளி நம் ஊருக்கு நெருங்கி வந்தது என்று நினைக்கிறேன். சர்க்கார், திவான், தர்பார் என்ற சொற்களும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டன. 1878-இல் இங்கே நிர்வாகத்தை ஏற்ற சேஷையா சாஸ்திரியாரின் பதவிப் பேரே பாரசீகத்திலிருந்து வந்தது. ஆனால் சமஸ்தானத்தின் சொந்தக் காசில் பாரசீகம் இல்லை. அம்மன் காசு நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்த கோலம், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. பிற்காலத்தில் பர்மிங்காமில் அடித்து இங்கே கப்பலேறி வந்தது. நவராத்திரியில் அரிசியோடு அதைத் தானமாகக் கொடுத்தார்கள். செம்பில் அம்மன், வெள்ளியில் தில்லி பாதுஷா. இரண்டும் ஒரே மடிச்சுருக்கில் இருந்திருக்கின்றன.

இன்னொரு காசைச் சொல்லாமல் விட மனசில்லை. 1808-ஐ ஒட்டிச் சென்னையில் கும்பினி ஒரு வெள்ளி அரை வராகன் வெளியிட்டது. நடுவில் கோயில் கோபுரம், சுற்றி நட்சத்திரங்கள். விளிம்பில் ஆங்கிலமும் பாரசீகமும். திருப்பினால் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். நாலு மொழி ஒரே வெள்ளியில்! பலவற்றை ஸ்பானிஷ் வெள்ளி டாலரின் மேலேயே அடித்துவிட்டார்கள். பூதக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் கோபுரத்துக்குக் கீழே பழைய அச்சின் எழுத்து நிழல் மாதிரித் தெரியும். மெக்சிகோ மலையில் வெட்டிய வெள்ளி, ஸ்பெயின் ராஜா முகத்தைச் சுமந்து வந்து, நம் கோபுரத்தைச் சுமந்து, ஓரத்தில் பாரசீகமும் பேசுகிறது. 1835-இல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. முகலாயர் பேர் போய் நாலாம் வில்லியம் முகம் வந்தது. ஆனால் 'ஒரு ரூபாய்' என்று பாரசீகத்தில் ஒரு வரி அப்போதும் மறுபக்கத்தில் தங்கிவிட்டது.

சேகரிக்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு வார்த்தை. சாசானியக் காசில் போலி நிறைய. நானே ஒரு வெளியூர்க் காசுச் சந்தையில் நல்ல விலை கொடுத்துப் போலி குஸ்ரோவை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து விளிம்பைத் தடவியபோது ஒரு மெல்லிய கோடு நகத்தில் தட்டியது. அச்சில் வார்த்த காசு. அடித்த காசில் அந்தக் கோடு வரவே வராது. அன்றிலிருந்து தண்ணீரில் நிறுக்காமல் எதையும் எடுப்பதில்லை. வெள்ளியின் அடர்த்தி பத்தரை. 4.10 கிராம் காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் 0.39 கிராம் குறைய வேண்டும். செம்பாக இருந்தால் 0.46 குறையும். வித்தியாசம் சின்னது, ஆகவே மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். ஆற்காட்டு ரூபாய்க்கு நகைக்கடைத் தராசே போதும், அதில் 1.10 குறையும்.

இரண்டாவது, துலக்காதீர்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டு ஆற்காட்டு ரூபாயைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. மறுநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது தாமரையின் இதழ்கள் மழுங்கியிருந்தன. இருநூறு வருஷம் பிழைத்து வந்த தாமரை, என் கையில் ஒரே மத்தியானத்தில் போனது. இன்றும் அந்தக் காசைத் தனியாக வைத்திருக்கிறேன்.

மண்ணில் கிடைத்தால் சட்டம் என்ன என்று கேட்பார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. என் குஸ்ரோவைப் பாருங்கள்: மன்னர் யார், ஆண்டு எது, அக்கசாலை எது என்று எல்லாம் சொல்கிறது, எந்த மண்ணில் படுத்திருந்தது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. கறுக்காக்குறிச்சிக் காசுகளோ ஊர் பேரோடு நின்றதால்தான் இன்று நாம் மிளகையும் முத்தையும் பற்றிப் பேச முடிகிறது. நாளைக்கு மீமிசல் பக்கத்து உப்பளத்திலோ, ஆவுடையார்கோயில் கண்மாய்க்கரையிலோ ஒரே ஒரு வளைந்த வெள்ளிக் கம்பி கிடைத்தால், நான் இவ்வளவு நேரம் பேசியதில் பாதியைத் திருத்தி எழுதவேண்டி வரும். சந்தோஷமாக எழுதுவேன். ஆனால் கம்பி கிடைத்த இடம் தெரிந்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் பாட்டிமார் காசுமாலை இருந்தால் அதன் காசுகளைத் திருப்பிப் பாருங்கள். வளையம் பற்றவைத்த இடத்துக்குக் கீழே வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வளையத்தை அறுக்க வேண்டாம், புளி போட வேண்டாம். எந்த ஊரிலிருந்து எந்தப் பாட்டி கொண்டுவந்தது என்று ஒரு தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். நான் கொண்டுவந்த குஸ்ரோவும், தேய்ந்துபோன அந்தத் தாமரை ரூபாயும் இந்த மேசைமேல் இருக்கின்றன. வரிசையாக வாருங்கள். முகத்தில் விரல் படாமல், விளிம்பைப் பிடித்துப் பாருங்கள்.